சுள்ளானின் இரண்டு புள்ளி

கோயமுத்தூர் உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச்சந்தில், ஒரு மாடியில், மெர்சி டீச்சரின் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்தது. பன்னிரண்டு மெஷின், மூன்று பேட்ச். காலை ஆறு மணிக்கே படபடவென்று ஆரம்பித்துவிடும். டீச்சர் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பு. ஸ்டென்சில் தாளில் ஒரு பிழை இல்லாமல் நாற்பது பக்கம் அடித்துக் கொடுக்க அந்த அம்மாவை விட்டால் ஆளில்லை என்று வக்கீல் குமாஸ்தாக்களே சொல்வார்கள். அந்தப் பெருமை டீச்சருக்கு இருந்தது. ஏன் இருக்கக் கூடாது? ஆனால் இங்கே சொல்ல வந்தது அதுவல்ல. தன் விரலால் தானே அடித்த ஒரு வரியை அழிக்க அவர் பட்ட பாடு.

‘பண்ணையாள் – 2 புள்ளி.’ இதுதான் அந்த வரி.

கதை 1990இல் ஆரம்பிக்கிறது. கணபதிப் பகுதியில் உலோகம் வார்க்கிற ஃபவுண்டரி வைத்திருந்த பாலகோபாலுக்கு மாமன் மகன் ஒருவன் அமெரிக்காவிலிருந்து ஒரு பெட்டி கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே ஒரு விளையாட்டு. பலகை கிடையாது, காய் கிடையாது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்க வேண்டும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் தங்கள் பாத்திரம் என்ன செய்கிறது என்று சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்று இருபது முகமுள்ள பகடை சொல்லும். பெரிய காரியம் பலித்தால் பாத்திரத்துக்குப் புள்ளி கூடும்; புள்ளி கூடக் கூட, பகடை தயவு காட்டும். அவ்வளவுதான். அதற்கு நூற்றிருபது பக்கம் ஆங்கிலம், பக்கத்துக்குப் பக்கம் பூதம்.

பாலகோபால் பருத்திக்காட்டுக் குடும்பம்; வீட்டில் பேசுவது தெலுங்கு, ஃபவுண்டரியில் திட்டுவது தமிழ். ஆங்கிலத்தில் கொட்டேஷன் படிப்பாரே தவிர, பூதம் படித்துப் பழக்கமில்லை. அப்போது மெர்சி அவர் ஆபீசில் சாயங்காலம் இரண்டு மணி நேரம் டைப் அடித்துக்கொண்டிருந்தார். இருவரும் உட்கார்ந்து, அந்தப் பூதங்களைத் தூக்கிக் கடாசிவிட்டு, மேற்கு மலையும் கணவாயும் காட்டாறும் வைத்துத் தமிழில் புதிதாக ஒன்று செய்தார்கள். பெயர் ‘ஏழு கணவாய்’. பாலகோபால் சொல்லச் சொல்ல மெர்சி அடித்தார். அரசன் பன்னிரண்டு புள்ளியில் ஆரம்பிப்பான். வைத்தியர் பத்து. வணிகன் எட்டு. பண்ணையாள் இரண்டு. விரல் ஒரு நொடிகூட நிற்கவில்லை. பிழையில்லாமல் அடித்தார்.

முதல் பக்கத்தில் மேசை வழக்கம் என்று இரண்டு விதியைப் பாலகோபால் ஆசை ஆசையாகச் சேர்த்தார். ஒன்று, அதிகப் புள்ளி உள்ளவருக்குத்தான் தலைமாட்டு நாற்காலி. பகடையும் அவர்தான் முதலில் உருட்டுவார். இரண்டு, மேசை முழுக்கக் கை தூக்கினால்தான் எந்த விதியும் மாறும். தலைமாட்டு நாற்காலி என்பது அவருடைய ஆபீஸ் சுழல் நாற்காலிதான். அரசன் பாத்திரம் யாருக்கு என்று கேட்க வேண்டுமா?

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஃபவுண்டரியின் பேட்டர்ன் கடையில் ஆட்டம். வார்ப்புக்கு மரத்தில் அச்சு செய்கிற இடம் அது. பெரிய மேசை அங்கேதான் இருந்தது. மெர்சி கோயில் முடிந்து பைபிள் பையோடு நேரே வந்து கதை சொல்வார். பாலகோபால் அரசன். அவர் மனைவி பங்காரம்மா வைத்தியர். மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த தம்பிதுரை வணிகன். விசில் ஊதாத நேரமெல்லாம் பேசிக்கொண்டே இருக்கிற ஆள். நான்காவது ஆள் தற்செயலாக வந்தவர்.

பெட்டியில் வந்த பிளாஸ்டிக் பகடை முதல் மாதமே வார்ப்பு மணலில் விழுந்து தொலைந்துபோனது. பேட்டர்ன்காரர் மாசாணத்திடம் ஒன்று செய்யச் சொன்னார்கள். மாசாணம் தேக்கில் இருபது முகத்தையும் சீவி எடுத்தார். உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். அந்தக் கூடுதலுக்குப் பெயர் அலவன்ஸ். மாசாணம் அதைக் கணக்காகச் சேர்த்தார். பிறகு கைப்பழக்கத்தில், லேத்தில் கடைவதற்கான அலவன்ஸையும் சேர்த்துவிட்டார். பகடையை எந்த மகராசன் லேத்தில் போடப்போகிறான்? கன்மெட்டல் என்கிற வெண்கலத்தில் ஊற்றி எடுத்தால், நல்ல எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்து நின்றது. மேசையில் உருட்டினால் டீ டம்ளர் எல்லாம் துள்ளும்.

“தப்பாப் போச்சுங் மொதலாளி. வேற ஊத்திப்போடறனுங்க” என்றார் மாசாணம்.

“அட, இதே இருக்கட்டும். நீயும் உக்காரு, ஆளு கொறையுது” என்றார் பாலகோபால்.

மிச்சம் இருந்த பாத்திரம் பண்ணையாள். அதை மாசாணம் எடுத்துக்கொண்டார். சுற்றி நாற்காலி இருந்தும் ஒரு அச்சுப் பெட்டியை இழுத்துப்போட்டு மேசை ஓரமாக உட்கார்ந்தார். தன் ஆளுக்குச் சுள்ளான் என்று பெயர் வைத்தார். ஏன் அந்தப் பாத்திரம் அவருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. மெர்சியும் கேட்கவில்லை.

நாலு வருஷம் ஓடியது. மேசையில் சிறந்த ஆட்டக்காரர் மாசாணம்தான். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அரசன் வாளை உருவும் இடத்தில் சுள்ளான் வாய்க்காலை வெட்டி விடுவான். வணிகன் வண்டியோடு மாட்டிக்கொண்ட இடத்தில் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்து இறக்கிக்கொண்டு வருவான். இதற்குள் புத்தகமும் ஜெராக்ஸ் ஜெராக்ஸாகப் பரவி, இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டல், பவானியில் ஜமக்காளத் தறிக்காரர்கள், மேட்டுப்பாளையம் மண்டி என்று பதினோரு மேசையில் ஆடிக்கொண்டிருந்தார்கள். டீச்சருக்கு உச்சி குளிர்ந்துதான் இருந்தது, பவானியிலிருந்து அந்தக் கடிதம் வரும் வரைக்கும்.

‘ஐயா, பண்ணையாள் பாத்திரத்தை எங்கள் மேசையில் யாரும் எடுப்பதில்லை. ஒரே ஆளின் தலையில்தான் எப்போதும் கட்டுகிறோம். அவர் இப்போது வருவதில்லை. இதற்கு விதியில் வழி உண்டா?’ எழுதியவர் செங்கோடன் என்ற தறிக்காரர். புத்தகம் அடித்தது ஓர் ஆண் என்று அவராகவே நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது.

மெர்சி கடிதத்தை நாலு முறை படித்தார். ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் அவர் அம்மா சின்னத்தாயி பண்ணையாளாக இருந்தவர். மட்டை பொறுக்கி, களை எடுத்து, மகளைக் கான்வென்ட் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டுப் போன மனுஷி. அந்த அம்மாவின் மகள், தன் பத்து விரலால், பண்ணையாள் இரண்டு புள்ளி என்று பதினோரு ஊருக்கு அடித்து அனுப்பியிருக்கிறாள். அன்றைக்கு டீச்சருக்குத் தன் மேலேயே வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வெட்கமாகவும் இருந்தது. ஆறு மணி பேட்ச் பிள்ளைகள் காரணம் தெரியாமல் திட்டு வாங்கினார்கள்.

திருத்திய பதிப்புக்கு இரண்டு வருஷம் பிடித்தது. பதினோரு மேசைக்கும் கடிதம் எழுதிக் குறை கேட்டார். குழப்பமான சண்டை விதிகளைச் சுருக்கினார். எல்லாவற்றுக்கும் மேலாக, இனி எல்லாரும் பத்துப் புள்ளியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று எழுதினார். பண்ணையாள் பக்கத்தை அடியோடு எடுத்துவிட்டார். ஏற்கெனவே ஆடுகிறவர்களுக்கு இருக்கிற புள்ளி அப்படியே இருக்கும். மேசை முழுக்கக் கை தூக்கினால் தீபாவளிக்குள் அச்சடித்துப் புத்தகமாகவே கொண்டுவருவது, இல்லாவிட்டால் பழையதையே அச்சுக்குக் கொடுப்பது என்று பாலகோபால் சொல்லியிருந்தார். பழையது அச்சில் ஏறினால் அந்த இரண்டு புள்ளியும் ஏறும்.

1996 ஆடி மாதம் ஒரு ஞாயிறு, நாற்பத்தாறு பக்கம், நாலு பிரதி மேசையில் வைத்தார். அடேயப்பா, என்ன ஆர்ப்பாட்டம்.

“ஏனுங் டீச்சர், எம்பட வண்டி ஒரு நாளைக்கு நாலு காதம் போயிட்டிருந்துச்சு. இதுல மூணுன்னு போட்டிருக்குது. மூணு காதத்துக்கு எவன் டிக்கெட் எடுப்பான்?” இது தம்பிதுரை.

“பச்சிலை முப்பது இருந்துச்சு, பதினெட்டுத்தான் இருக்குது. மிச்சத்தையெல்லாம் ஆடு மேஞ்சுபோச்சா அம்மணி?” இது பங்காரம்மா.

பாலகோபால் எட்டாம் பக்கத்திலேயே நின்றுவிட்டார். முகம் தொங்கிப்போனது. “ராஜாவுக்கும் பத்து, எல்லாத்துக்கும் பத்துன்னா, பொறவு ராஜாங்கறதுக்கு என்னங்க மரியாதை? ஆறு வருசமா ஆடுன ஆட்டமுங்க இது” என்று நாற்காலியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சுழற்றினார்.

மெர்சி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். வண்டிக்கு வாடகை மாடு உண்டு என்றார். பச்சிலைக்குப் பின்பக்கப் பட்டியலைக் காட்டினார். பாலகோபாலிடம், இனி புதிதாக வருகிற ராஜாக்களுக்குத்தான் பத்து, உங்கள் பத்தொன்பது புள்ளியில் யாரும் கை வைக்கவில்லை என்றார். ஒரு மணி நேரம் அவர் வாய் ஓயாமல் பேசிய பிறகு, மூன்று பேரும் ஒருவழியாகக் கை தூக்கினார்கள். பாலகோபாலின் கை தோள்பட்டைக்கு மேலே ஏறவில்லை. பரவாயில்லை, அதுவும் கைதான்.

மாசாணம் இன்னும் படித்துக்கொண்டிருந்தார். டீச்சருக்கு அவரைப் பற்றிக் கவலையே இல்லை. இந்தப் பதிப்பே அவருக்காகத்தானே? அவர் முகம் மலர்வதைப் பார்க்கத்தானே இரண்டு வருஷம் காத்திருந்தார்?

“பண்ணையாள் பக்கம் எங்கீங் அம்மணி?” என்றார் மாசாணம்.

“எடுத்துப்போட்டனுங்ணா. இனி அந்தச் சனியன் இருக்காது.”

மாசாணம் புத்தகத்தை மூடி மேசை மேல் வைத்தார். “இதுக்கு எம்பட கை ஏறாதுங்க” என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டார்.

டீச்சர் அந்த வாரம் முழுக்கப் பொருமித் தீர்த்தார். யாருக்காகக் கண் பூத்துப்போகிற வரை ஸ்டென்சில் அடித்தோமோ, அந்த மனுஷனே காலை வாரிவிட்டாரே. நன்றி கெட்ட உலகம். போகட்டும், பழையதையே அச்சடிக்கட்டும், நமக்கென்ன வந்தது? இப்படியெல்லாம் திங்கட்கிழமை சொன்னார். செவ்வாயும் சொன்னார். புதன்கிழமை கோபம் வடிந்து வேதனை வந்தது. வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பஸ் ஏறிக் கணபதிக்கே போய்விட்டார்.

மாசாணம் சாப்பிட்டு முடித்துத் தூக்குப்போசியைக் கழுவிக்கொண்டிருந்தார். “வாங் அம்மணி” என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

“எதுக்குங்ணா வேண்டான்னீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்ல்ல?”

மாசாணம் சுவரலமாரியைத் திறந்து, டிராயிங் தாளில் சுற்றி வைத்திருந்த ஒன்றை எடுத்து விரித்தார். சுள்ளானின் தாள். ஆறு வருஷத்துப் பென்சில் கணக்கு. அச்சு வரைகிற கை, ஒவ்வொரு எண்ணும் அச்சடித்த மாதிரி இருந்தது. மேலே 2. அதற்குக் கீழே 3, பிறகு மறுபடியும் 3, பிறகு 5. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு வரி.

“இந்த மூணு, வெள்ளத்துல ராசாவை இழுத்துப்போட்டதுக்கு. இதைப் பாருங்க, ரெண்டு வருசம் அஞ்சுலயே நின்னான். பகடை எறங்கி வரவே மாட்டீன்னுருச்சு. மூணாங் கணவாயில பூட்டை ஒடைச்சானுங்களே, அதுக்குத்தான் ஏழு. இப்பப் பதினாலு.” மாசாணம் விரலை மறுபடியும் மேலே கொண்டுபோனார். “எல்லாத்துக்கும் பத்துங்கறது ஞாயமுங்க. அதை நான் வேண்டாங்கல. ஆனா அந்தப் பக்கத்தையே கிழிச்சுபோட்டீங்கன்னா, நாளைக்குப் பாக்கறவன் என்ன சொல்லுவான்? இவனும் பத்துல கெளம்பி, ஆறு வருசத்துல நாலுதான் ஏறியிருக்கறான், சோம்பேறின்னு சொல்லுவான். எம்பட ஆளு ரெண்டுல இருந்து வந்தவனுங் அம்மணி. அதை யாரும் அழிக்கக் கூடாது.”

மெர்சி தாளைத் தன் பக்கம் திருப்பி, அந்த 2இலிருந்து 14 வரை ஒரு முறை படித்தார். அவமானத்தைத் துடைப்பதாக நினைத்துக்கொண்டு அந்த மனுஷன் ஏறிய ஏற்றத்தையல்லவா சேர்த்துத் துடைத்திருக்கிறோம்! கூடவே இன்னொன்றும் உறைத்தது. இன்ஸ்டிடியூட்டில் பதினைந்து வருஷமாக யார் கேட்டாலும் ‘பொள்ளாச்சிப் பக்கம்’ என்று மட்டும்தான் அவர் சொல்லி வந்திருக்கிறார். தோப்பைச் சொன்னதில்லை. சின்னத்தாயியையும் சொன்னதில்லை.

மேசையில் அந்தப் பெரிய பகடை கிடந்தது. மெர்சி அதை எடுத்துக் கையில் உருட்டினார்.

“ஏனுங்ணா, சுருங்குறதுக்குன்னு அலவன்ஸ் விடறீங்களே. அதைச் சேர்க்க மறந்து ஊத்திப்போட்டா என்ன பண்ணுவீங்க?”

“எவ்வளவு கொறைஞ்சுதுன்னு அளந்து, அதைக் கூட்டி வேற அச்சு செய்யோணும். வேற வழியில்லீங்க.”

“அவ்வளவுதானுங்ளே” என்றார் மெர்சி. டீயைக்கூடக் குடிக்காமல் பஸ்ஸைப் பிடித்தார்.

அடுத்த ஞாயிறு ஒரே ஒரு பக்கம் புதிதாக அடித்துக்கொண்டு வந்தார். கதைசொல்லிக்குரிய குரலில், எழுந்து நின்று படித்தார்.

“ஒவ்வொரு பாத்திரத்தின் தாளிலும் முதல் வரி ‘எங்கிருந்து’ என்பது. அந்தப் பாத்திரம் எந்த இடத்தில், எத்தனை புள்ளியில் கிளம்பியது என்று அதில் எழுத வேண்டும். அந்த வரியை யாரும் அழிக்கக் கூடாது. பழைய பதிப்பில் பத்துக்குக் குறைவாகக் கிளம்பியவர்களுக்கு, குறைந்ததைக் கூட்டிக்கொடுக்க வேண்டும். பத்துக்கு அதிகமாகக் கிளம்பியவர்கள், அதிகத்தைக் கழித்துவிட வேண்டும்.”

கண்டக்டர் மூளை முதலில் வேலை செய்தது. “அப்ப எனக்கு ரெண்டு கூடிப் பதினேழு. அக்காவுக்கு மாத்தமில்லை, பதினாறேதான். மொதலாளிக்கு ரெண்டு போயி அவருக்கும் பதினேழு.” தம்பிதுரை மாசாணத்தைப் பார்த்தார். அவர் குரல் தணிந்தது. “சுள்ளானுக்கு எட்டுங்க. இருபத்திரெண்டு.”

முதல் பக்கத்து விதி நாலு பேருக்கும் மனப்பாடம். எல்லார் கண்ணும் தலைமாட்டு நாற்காலிக்குப் போனது.

“அம்மணி, கூட்டறது சரி. எங்கிட்ட இருந்து ரெண்டைக் கழிக்கறது எந்த ஊரு ஞாயமுங்க?” என்றார் பாலகோபால்.

“அந்த ரெண்டும் நீங்க ஏறுனதில்லீங் சார். கெளம்பும்போதே கையில இருந்தது” என்றார் மெர்சி. குரல் நடுங்கவில்லை. பாலகோபாலிடம் இத்தனை வருஷத்தில் அவர் இப்படிப் பேசியதே கிடையாது.

பாலகோபால் மனைவியைப் பார்த்தார். பங்காரம்மா அவர் பக்கம் பேசுவாரா? “நீங்க போட்ட விதிதானுங்களே. எந்திரிங்க” என்றார்.

பாலகோபால், கை தூக்கும் முன்பே எழுந்தார். எழுந்தவர், சுழல் நாற்காலியைக் கையால் ஒரு தட்டு தட்டித் தூசி போக்கி, மாசாணத்தின் பக்கம் திருப்பி வைத்தார். போய் அந்த அச்சுப் பெட்டியில் தானே உட்கார்ந்துகொண்டார். “வாங்க, வந்து உக்காருங்க. ஆட்டம் ஆரம்பிக்கோணுமில்ல” என்றார். மனசு முழுக்கச் சிரித்துக்கொண்டு சொன்னார் என்று சொல்ல முடியாது. ஆனாலும் சொன்னார்.

மாசாணம் அவசரப்படவில்லை. சுள்ளானின் தாளை விரித்து, மேலே இருந்த 2 என்ற எண்ணுக்கு முன்னால் ‘எங்கிருந்து: பண்ணையாள்’ என்று எழுதினார். எழுந்து வந்து நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். பிறகு வலது கையைத் தலைக்கு மேலே தூக்கினார். மற்ற மூன்று கைகளும் ஏறின. இந்த முறை பாலகோபாலின் கையும் முழுசாகவே ஏறியது.

பகடையை எடுத்த மாசாணம் உருட்டவில்லை. புத்தகத்தின் அட்டையைத் திருப்பி, ‘ஆக்கம்: மெர்சி, கோயமுத்தூர்’ என்ற வரியை விரலால் தொட்டுக் காட்டினார்.

“விதி எல்லாத்துக்கும்தானுங்ளே அம்மணி? இதுல எங்கிருந்துன்னு காணோமுங்க.”

மெர்சி பேனாவை எடுத்து, நாலு பேரும் பார்த்துக்கொண்டிருக்க எழுதினார். அந்த வரி அப்படியே அச்சுக்குப் போனது. ஐப்பசியில் புத்தகம் வந்தபோது பவானிச் செங்கோடனுக்கு முதல் பிரதியை டீச்சரே பார்சல் கட்டினார். கட்டும் முன் அட்டையைப் புரட்டி ஒரு தடவை வாய்விட்டுப் படித்தார். ஆறு மணி பேட்ச் முழுக்க மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டது.

‘ஆக்கம்: மெர்சி, கோயமுத்தூர். எங்கிருந்து: ஆனைமலை, பண்ணையாள் சின்னத்தாயியின் மகள்.’